மழைக்கு முன்பே வரவேண்டிய பணம்

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிற மழை ஒரு பகலிலும் ஓர் இரவிலும் கொட்டித் தீர்த்தது. “இப்படிப் பெய்தால் யார்தான் என்ன செய்ய முடியும்?” என்று அப்போது பலரும் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால், அந்தக் கேள்வியோடு பேச்சை முடித்துக்கொண்டதுதான் தவறு. தூத்துக்குடி நகரை மூழ்கடித்தது நகரின் தலைமேல் விழுந்த மழை மட்டுமல்ல. கோரம்பள்ளம் குளத்தின் கரையை உடைத்துக்கொண்டு வந்த நீரும்தான். மேற்கே மானாவாரிக் காட்டிலிருந்து ஓடைகள் வழியாகவும் சிறு குளங்கள் வழியாகவும் இறங்கிவந்த வெள்ளம் அது.

நம் ஊர்களில் குளமோ ஏரியோ கண்மாயோ தனித்து நிற்பதில்லை. மேலூர்க் குளம் மறுகால் பாய்ந்தால் கீழூர்க் குளத்துக்கு வரத்து. கீழூர் நிரம்பினால் அதற்கடுத்த ஊருக்கு. இந்தத் தொடரில் ஒரு குளம் உடைப்பெடுத்தால், பல நாளாகப் பையப் பைய இறங்க வேண்டிய நீர் சில மணி நேரத்தில் அடுத்த கரையில் வந்து மோதும். அந்தக் கரையும் போனால் அதற்கடுத்தது. பெரிய அணையைப் பூட்டிக் காத்துக்கொண்டு சின்னக் குளங்களைக் கைவிட்டால் வெள்ளம் நின்றுவிடாது.

சின்னக் குளம் உடைவதற்கான காரணங்களும் பெரும்பாலும் சின்னவைதான். மறுகாலில் மண்டிய சீமைக்கருவேலம். மீன் தப்பிப் போகாமலிருக்கக் குத்தகைதாரர் குறுக்கே கட்டிய வலை. இன்னும் அரையடி தண்ணீர் நிற்கட்டுமே என்று அடுக்கிய மணல் மூட்டை. டிராக்டர் போய்ப் போய் ஒரு முழம் தாழ்ந்துவிட்ட கரை. வருடக்கணக்கில் திருகாமல் துருவேறி இறுகிய ஷட்டர். மறுகால் ஓடையின் குறுக்கே மனைப்பிரிவுக்காரர் பாதை போடும்போது பதித்த இரண்டடிக் குழாய். கடைசியில் சொன்னதற்கு மட்டும் அரசியல் துணிவு வேண்டும். மற்றதற்கெல்லாம் ஒரு ஜேசிபி, ஒரு கொத்தனார், பத்து ஆட்கள், சில நாள் வேலை போதும். அந்தச் சில நாள் வேலைக்கு யார் பணம் தருவது என்ற கேள்விக்குத்தான் இந்த மாநிலத்தில் தெளிவான விடை இல்லை.

தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் அதிகமான பாசன ஏரிகள் இருப்பதாக அரசுக் கணக்கு சொல்கிறது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள சுமார் 14 ஆயிரம் ஏரிகள் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. மீதமுள்ள ஏறத்தாழ 25 ஆயிரம் ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. காகிதத்தில் இந்தப் பிரிவினை அழகாக இருக்கிறது. தண்ணீருக்கு அது தெரியாது. ஒரே தொடரில் மேலே இருப்பவை ஒன்றியக் குளங்கள், கீழே இருப்பது நீர்வளத் துறைக் குளம் என்பது மிகச் சாதாரணம். துறையின் குளத்துக்குச் செயற்பொறியாளர் உண்டு, கோட்ட அலுவலகம் உண்டு, பராமரிப்பு என்று ஒரு கணக்குத் தலைப்பாவது உண்டு. ஒன்றியக் குளத்தைப் பார்க்க வேண்டிய பொறியாளரும் ஓவர்சியரும் தொகுப்பு வீடு, சிமெண்ட் சாலை, பள்ளிச் சுற்றுச்சுவர் எல்லாம் அளந்து முடித்த பிறகுதான் குளத்தங்கரைக்கு வருவார்கள். நூறு நாள் வேலைத் திட்டம் இந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்பியது. ஆனால், கூலிக்கு 60, பொருளுக்கு 40 என்று வகுத்திருந்த விகிதத்தில் மண் வேலைதான் தாராளமாக நடக்கும். கல்லும் சிமெண்டும் ஷட்டரும் கேட்கும் வேலை பின்தங்கும். அதனால்தான் பல குளங்களில் உள்ளே மண் அள்ளியிருக்கிறது, மதகு மட்டும் பழையபடியே ஒழுகுகிறது.

வெள்ளத்துக்கு அரசிடம் பணமே இல்லை என்று சொல்ல முடியாது. அது எப்போது வருகிறது, யார் கையில் வருகிறது என்பதுதான் விஷயம். 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு 15ஆவது நிதிக் குழு ஓர் ஏற்பாட்டைச் செய்தது. மாநிலப் பேரிடர் நிதியில் 80 சதவீதம் நிவாரணம், மீட்பு, மறுகட்டுமானம் ஆகியவற்றுக்கு. 20 சதவீதம் பேரிடர் வருமுன் அதன் வீச்சைக் குறைப்பதற்கு. பெரிய மாநிலங்களில் மத்திய அரசு நான்கில் மூன்று பங்கும் மாநில அரசு ஒரு பங்கும் போட வேண்டும். நிவாரணத்துக்கு மட்டுமே பணம் ஒதுக்கிப் பழகிய நாட்டில் இது நல்ல திருப்பம். தொகையைத்தான் பார்க்க வேண்டும். ஃபெஞ்சல் புயலையொட்டி 2024 டிசம்பரில் மத்திய அரசு தமிழ்நாட்டுக்கு அந்த ஆண்டுக்கான பேரிடர் நிவாரண நிதியின் இரண்டு தவணைகளையும் சேர்த்து ரூ.944.80 கோடி விடுவித்தது. மாநிலப் பங்கைச் சேர்த்தால் சுமார் ரூ.1,260 கோடி. 80க்கு 20 என்ற விகிதப்படி வருமுன் காக்கும் நிதி ஏறத்தாழ ரூ.315 கோடி ஆகும். வறட்சி, நிலச்சரிவு, கடலரிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இது. முழுவதையும் ஏரிகளுக்கே கொடுத்துவிட்டதாக வைத்துக்கொண்டாலும் ஓர் ஏரிக்கு ஆண்டுக்கு 80 ஆயிரம் ரூபாய்தான் தேறும்.

வெள்ளம் வந்துவிட்டாலோ தொகைகளின் அளவே மாறிவிடுகிறது. மிக்ஜாம் புயலுக்கும் தென் மாவட்ட வெள்ளத்துக்குமாகத் தமிழ்நாடு அரசு மத்திய அரசிடம் கேட்டது ரூ.37,907 கோடி. 2024 ஏப்ரலில் தேசிய நிதியிலிருந்து வந்தது ரூ.276 கோடி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கேட்டதற்கும் கொடுத்ததற்கும் உள்ள இந்த இடைவெளி மத்திய அரசுக்குப் பெருமை சேர்ப்பதல்ல; அதைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. மாநில அரசு தன் பங்காக மிக்ஜாமால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தலா ரூ.6,000 வழங்க அறிவித்தபோது, அதற்கு மட்டும் ஒதுக்கிய தொகை சுமார் ரூ.1,455 கோடி. வீட்டுக்குள் சாக்கடை புகுந்து அரிசியும் பாயும் பாடப் புத்தகமும் போன குடும்பத்துக்கு அந்த ஆறாயிரம் பெரிது. அதைக் குறை சொல்பவர்கள் இடுப்பளவு தண்ணீரில் ஓரிரவு நின்று பார்க்கட்டும். ஆனால், அதே கருவூலத்துக்கு வெள்ளத்துக்கு முந்தைய ஆகஸ்டில் ஒரு ஷட்டரை மாற்றக் கை வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

உடைந்ததைச் சரிசெய்யும் விதிகளும் விசித்திரமானவை. 2015இல் மத்திய அரசு வகுத்த பேரிடர் நிதி விதிமுறைகளில், சேதமான சிறுபாசனக் கட்டமைப்பு ஒன்றின் உடனடிச் சீரமைப்புக்கு அதிகபட்சம் ஒன்றரை லட்சம் ரூபாய் என்று வரம்பு இருந்தது. அந்தப் பணத்தில் உடைப்பில் மணல் மூட்டை அடுக்கலாம், மண்ணைக் கொட்டிக் கரையை மூடலாம். கரை ஏன் உடைந்தது என்ற கேள்விக்குள் போக முடியாது. நிரந்தரச் சீரமைப்புக்குத் தனித் திட்டம், தனி மதிப்பீடு, தனி அரசாணை. அது வருவதற்குள் அடுத்த ஐப்பசி வந்துவிடும்.

சென்னையின் கதை வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்த நகரத்துக்குப் பணம் வராமல் இல்லை. கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதியின் மழைநீர் வடிகால்களுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் கொடுத்தது. கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி, அடையாறு – கூவம் பகுதிகளுக்கு உலக வங்கி. மிக்ஜாம் அடித்து ஓய்ந்த அதே வாரத்தில் ரூ.561 கோடி மதிப்பிலான சென்னை வெள்ளத் தணிப்புத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது, அதில் ரூ.500 கோடி மத்திய உதவி. இந்தப் பணமெல்லாம் ஒழுங்காகச் செலவானதா என்பது தனிச் சண்டை. ‘நாலாயிரம் கோடி எங்கே?’ என்ற கேள்வி அடங்கி நாளாகவில்லை. எனக்குப் படுவது இது: சென்னைக்குக் கணக்குக் கேட்கவாவது ஒரு தொகை இருக்கிறது. ஊத்தங்கரைக்கு அதுவும் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் அங்கே ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பெய்து, ஏரியின் உபரிநீர் சாலையில் நின்ற வேன்களை அடித்துக்கொண்டு போன காட்சியை நாடே கைபேசியில் பார்த்தது. அந்த அளவுள்ள ஒரு பேரூராட்சியால் உலக வங்கியின் கதவைத் தட்ட முடியாது. விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கும் ஆலோசகருக்குக் கொடுக்கவே அதனிடம் பணம் இருக்காது.

பணக்கார நாடுகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. 2017இல் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்த பிறகு, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் உள்ளூர் வெள்ளத் தடுப்புப் பணிகளுக்கென்றே 2019இல் ஒரு நிதியை உருவாக்கியது. அந்த நிதியிலிருந்து மேல் குவாதலூப் ஆற்று ஆணையம் வெள்ள எச்சரிக்கை அமைப்புக்காகச் சுமார் 10 லட்சம் டாலர் கேட்டது. விதிப்படி கணக்குப் போட்ட மாநிலம், 50 ஆயிரம் டாலர் மானியம், மீதி வட்டியில்லாக் கடன் என்றது. சிறிய அமைப்பு, கடன் வேண்டாம் என்று 2024இல் விலகிக்கொண்டது. 2025 ஜூலை 4 அதிகாலையில் அதே ஆற்றில் வெள்ளம் வந்தது. அந்த வெள்ளங்களில் டெக்சாஸில் 130 பேருக்கும் அதிகமானோர் இறந்தார்கள், கோடை முகாமுக்கு வந்திருந்த சிறுமிகள் உட்பட. எச்சரிக்கை அமைப்பு இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. ஆனால், மாநிலத்திடம் நிதி இருந்தது, உள்ளூர் அமைப்பு கேட்கவும் செய்தது, இருந்தும் பணம் போய்ச் சேரவில்லை. உள்ளூரின் பங்கு எவ்வளவு என்று வைக்கிற விகிதத்திலேயே ஏழை அமைப்புகளை வாசலில் நிறுத்திவிட முடியும்.

நம்மிடம் அந்த விகிதத்துக்குப் பெயர் பத்து சதவீதம். 2017இல் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தில் 90 சதவீதம் அரசு தந்தது. 10 சதவீதத்தைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ விவசாயிகள் தர வேண்டியிருந்தது. முதல் கட்டத்தில் ரூ.100 கோடியில் 1,519 பணிகள். 2019–20இல் சுமார் ரூ.500 கோடியில் 1,829 பணிகள். எண்ணம் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பாசன விவசாயிகள் சங்கமே வேலையை எடுத்துச் செய்த ஊர்களில் கரை உயர்ந்தது, மடை சரியானது. பல ஊர்களில் சங்கத்தின் பெயர் முன்னால், ஒப்பந்ததாரர் பின்னால் என்ற புகாரும் எழுந்தது. ஆயக்கட்டே அழிந்து மனையாகிப்போன ஏரிக்குப் பத்து சதவீதம் தர எந்த விவசாயி வருவார்? வெள்ளத்துக்கு ஆபத்தான ஏரிகளில் பல அப்படிப்பட்டவைதான்: நெல் இல்லாத ஏரி, வீடுகளால் சூழப்பட்ட ஏரி. அதைவிடப் பெரிய குறை, குடிமராமத்து ஒரு திட்டம் மட்டுமே என்பது. ஆட்சி மாறினால் பெயர் மாறும், பெயர் மாறினால் பட்டியல் மாறும். குளத்துக்கு ஒரு முறை தூர்வாரினால் போதாது. ஆண்டுதோறும் ஆள் பார்க்க வேண்டும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் இருந்ததைச் சொல்லாத அரசியல் மேடை தமிழ்நாட்டில் இல்லை. அந்த வாரியத்தின் இன்றைய வாரிசுக்குக் கரையில் மண் கொட்டக் கணக்குத் தலைப்பு இல்லை.

ஒரு பகுதியில் மட்டும் நாம் மழைக்கு முன்பே, தண்ணீருக்கு முன்பே பணம் கொடுத்துப் பழகியிருக்கிறோம். காவிரி டெல்டாவில் மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்பட வேண்டும் என்ற மரபு இருப்பதால், அதற்குள் தூர்வாரி முடித்தாக வேண்டிய நெருக்கடி அரசுக்கு வருகிறது. 2021இல் ரூ.65 கோடியில் சுமார் 4,000 கிலோமீட்டர், 2022இல் ரூ.80 கோடியில் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர், 2023இல் ரூ.90 கோடி. தொகை பெரிதல்ல. தேதி இருக்கிறது, முதலமைச்சர் வந்து பார்க்கிறார், கடைமடை விவசாயி தண்ணீர் வரவில்லை என்றால் சாலையில் உட்காருகிறார். அங்கேயும் சி, டி பிரிவுச் சிறு வாய்க்கால்கள் விட்டுப்போவதாக முணுமுணுப்பு உண்டு. இருந்தாலும் வேலை தண்ணீருக்கு முன்னால் நடக்கிறது. மாநிலத்தின் மற்ற பகுதிகளுக்கு அப்படி ஒரு தேதி இல்லை. வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்குகிறது. பட்ஜெட் மார்ச்சில் வந்தாலும் அரசாணை, டெண்டர், பணி ஆணை எல்லாம் முடிந்து இயந்திரம் ஏரிக்குள் இறங்கும்போது ஏரிக்குள் தண்ணீரும் இறங்கத் தொடங்கியிருக்கும்.

பெரிய திட்டங்கள் தாமதமானால் அதைக் கேட்க ஆள் இருக்கிறது. தாமிரபரணி – கருமேனியாறு – நம்பியாறு வெள்ளநீர்க் கால்வாய் 2009இல் ரூ.369 கோடியில் தொடங்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் அது திறக்கப்பட்டபோது செலவு ரூ.1,060 கோடியைத் தாண்டியிருந்தது. 2023 டிசம்பரில் வேலை முடிந்திருக்கவில்லை. முடிந்திருந்தாலும் விநாடிக்கு 3,200 கன அடி கொள்ளும் கால்வாய் அன்றைய வெள்ளத்தில் சிறு பங்கைத்தான் ஏற்றிருக்கும். ஆனாலும் பதினாறு ஆண்டுகளும் சட்டமன்றத்தில் அதைப் பற்றிக் கேள்வி எழுந்தது, செய்தி வந்தது, விவசாயிகள் மனுக் கொடுத்தார்கள். ஓர் ஒன்றியக் குளத்தின் மறுகாலைப் பற்றிச் சட்டமன்றத்தில் கேள்வி எழுவதில்லை. அதைக் கேட்க வேண்டிய இடம் ஊராட்சி.

அந்த ஊராட்சியை நாம் வைத்திருக்கும் லட்சணத்தைப் பாருங்கள். 2016இல் முடிந்த பதவிக்காலத்துக்குப் பிறகு 2019 இறுதி வரை தேர்தல் இல்லை. அதைக் காரணம் காட்டி மத்திய நிதிக் குழுவின் மானியம் நிறுத்தப்பட்டது. அப்படித் தேர்வான 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் காலமும் 2025 ஜனவரி 5உடன் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தனி அலுவலர் கோப்பைப் பார்ப்பார்; மழை பெய்யும் இரவில் லாந்தர் எடுத்துக்கொண்டு கரைக்குப் போகமாட்டார். வந்த மானியத்திலும் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. மாநில நிதி ஆணையத்தின் வழியே வரும் பங்குக்கு மக்கள்தொகைதான் முதன்மை அளவுகோல். ஆள் குறைவாகவும் குளம் அதிகமாகவும் உள்ள ஊருக்கு அந்த அளவுகோலில் நஷ்டம்தான்.

கேரளத்தில் மாநில நிதி ஆணையம் உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கும் பணம் மூன்று வழிகளில் போகிறது: பொதுச் செலவுக்கு ஒன்று, வளர்ச்சிப் பணிக்கு ஒன்று, பராமரிப்புக்கென்றே தனியாக ஒன்று. இருக்கும் சொத்தைப் பழுது பார்க்கும் பணம் புதுக் கட்டடத்துக்குப் போய்விடாது. 2018, 2019 வெள்ளங்களுக்குப் பிறகு அங்குள்ள 1,034 ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளும் தத்தம் பகுதிக்கான பேரிடர்த் திட்டத்தைத் தயாரித்தன. கேரளத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. 2024 வயநாடு நிலச்சரிவு கண்முன்னே நிற்கிறது. பராமரிப்பைத் தனிக் கணக்காக்க முடியும், அதற்கு அரசியல் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம் என்பதற்கு மட்டும் கேரளம் சாட்சி.

‘ஊராட்சியிடம் கொடுத்தால் தின்றுவிடுவார்கள்’ என்பது இங்கே வழக்கமான பதில். தின்பது நடக்கிறது. ஆனால், ஆயிரம் கோடி வேலையில் தின்றால் அதைக் கண்டுபிடிக்கத் தணிக்கைத் துறை பல ஆண்டு கழித்து வர வேண்டும். ஒன்றரை லட்சத்து மறுகால் வேலையில் தின்றால் டீக்கடையில் அன்றைக்கே தெரிந்துவிடும். பொறியாளர் இல்லை என்பது அதைவிடக் கனமான வாதம். அதற்குப் பதில், ஒரே தொடரில் உள்ள குளங்கள் எந்தத் துறைக்குச் சொந்தமானாலும் அவற்றின் மட்டங்களை நீர்வளத் துறைப் பொறியாளரே பார்த்துச் சொல்வது, வேலையை ஊராட்சி செய்வது. மேல் குளத்தின் கரையை உயர்த்திக் கீழ்க் குளத்தின் மறுகாலை அடைத்துவைத்தால் பணமும் போகும், ஊரும் போகும். அதனால் பட்டியல் ஊர்வாரியாக இருக்கக் கூடாது, தொடர்வாரியாக இருக்க வேண்டும்.

செலவு எவ்வளவு ஆகும்? ஒன்றியங்களிடம் உள்ள 25 ஆயிரம் ஏரிகளுக்கும் தலா ஒன்றரை லட்சம் ரூபாய் ஆண்டுதோறும் கொடுத்தால் ரூ.375 கோடி. மிக்ஜாம் நிவாரணத்துக்கு ஒரே தடவையில் ஒதுக்கியதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. எல்லா ஏரிக்கும் ஒரே தொகை தேவைப்படாது. கரை நீளத்தையும் கீழே குடியிருக்கும் மக்களையும் பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம். மனுக் கொடுத்தால்தான் கிடைக்கும் என்றில்லாமல், ஏப்ரலில் தானாக வர வேண்டும். பொதுமக்கள் பங்கு என்ற பெயரில் பத்து சதவீதம் கேட்கக் கூடாது. செப்டம்பர் 30க்குள் முடிந்த வேலையின் பட்டியல் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

இப்போதுள்ள மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைக் காலம் 2027 மார்ச்சுடன் முடிகிறது. அடுத்த ஐந்தாண்டுக்கான பங்கீட்டில் நீர்நிலைப் பராமரிப்பு என்று தனி நிதியை எழுதிச் சேர்க்க இதுவே சமயம். அரசியல் கட்சிகள் இதைக் கேட்குமா என்பது தெரிந்த கதை. ஊர்க்காரர்கள் கேட்கலாம். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நம் குளத்தின் மறுகால் யார் பொறுப்பு, ஷட்டரைத் திருப்பும் சாவி யாரிடம் இருக்கிறது, இந்த ஆண்டு அதற்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்ற மூன்று கேள்வியையும் மே 1 கூட்டத்திலேயே எழுப்பித் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். அக்டோபர் 2 வரை காத்திருக்க வேண்டாம். அன்றிலிருந்து மழைக்கு மூன்று வாரம்கூட இருக்காது.